வெள்ளியில் விழுந்த பெரணி: கேள்வி பதில்

கோத்தகிரியில் வெள்ளி வேலை செய்கிறேன். காட்டையும் கேமராவையும் வைத்து நகை செய்வது பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

குன்னூர் வாசகர்: சோலை மரத்தில் படர்ந்த கற்பாசியைப் படம் எடுத்திருக்கிறேன். டாலரில் கொண்டுவர முடியுமா?

முடியும். ஆனால் கண்ணாடிக்கு அடியில் ஒட்டாதீர்கள். சாமிப் படம் வைத்த டாலர்போல் ஆகிவிடும். முதலில் செம்பில் பழகுங்கள். படத்தைச் சாம்பல் நிறமே இல்லாத கறுப்பு வெள்ளையாக்கி, இடவலம் மாற்றி, வழவழப்பான தாளில் லேசர் பிரிண்டரில் அச்சிடுங்கள். தேய்த்துச் சுத்தம் செய்த தகட்டின்மேல் கவிழ்த்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி, தாளை நீரில் ஊறவைத்து உரித்தால் கறுப்பு தகட்டில் தங்கிவிடும். பின்பக்கத்தை டேப்பால் மூடி, ஃபெரிக் குளோரைடு கரைசலில் குப்புறத் தொங்கவிடுங்கள். கறுப்பு இல்லாத இடம் அரிபடும், கசடு கீழே விழும். கையுறை கட்டாயம். வெள்ளிக்கு இந்தக் கரைசல் உதவாது. ஃபெரிக் நைட்ரேட் வேண்டும். வேலை முடிந்த கரைசலை ஓடையில் மட்டும் ஊற்றாதீர்கள். கீழே அந்தத் தண்ணீரைக் குடிக்க ஆள் இருக்கிறது.

ஊட்டி மாணவி: இலையின் நரம்புகளை உளியால்தான் செதுக்க வேண்டுமா, ஐயா?

வேண்டாம் அம்மா, இலையே செய்துகொள்ளும். இருட்டான மூலையில் வைத்து ஊதுகுழலால் தகட்டைச் சூடாக்குங்கள். மங்கலாகச் சிவக்கும்போது நிறுத்தி ஆறவிட்டால் வெள்ளி இளகியிருக்கும். இரண்டு தகடுகளுக்கு நடுவே காய்ந்த இலையை வைத்து, உருட்டு இயந்திரத்தில் ஒரே தடவை, நல்ல அழுத்தத்தில் விடுங்கள். இரண்டாம் தடவை விட்டால் கோடுகள் இரட்டித்துவிடும். நான் அதிகம் எடுப்பது பெரணி. சாலையோரம் வளரும் வெள்ளைப் பெரணியைக் கையில் அடித்து அச்சு வைத்து விளையாடியிருப்பீர்களே, அதன் அடிப்பக்கம் வெண்பொடி பூத்திருக்கும். பொடியைத் துடைத்துவிட்டு வையுங்கள். தகட்டைப் பிரிக்கும்போது இலை நசுங்கி நொறுங்கிப்போயிருக்கும். ஒவ்வொரு நரம்பும் வெள்ளியில் இருக்கும். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்த நொடிக்காகத்தான் பட்டறையைத் திறக்கிறேன்.

கொடைக்கானல் வாசகர்: குறிஞ்சிப் பூவை ரெசினில் பதித்து விற்கலாமா?

பறிக்காதீர்கள். 12 ஆண்டுக்கு ஒருமுறை பூத்து, விதை விட்டு, அந்தச் செடியே மடிந்துவிடும். 2018இல் பூத்தபோது எடுத்த படம் கையில் இருக்குமே, அதிலிருந்து சயனோடைப் செய்யுங்கள். 1842இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த, இரும்பு உப்பு பூசி வெயிலில் காட்டும் நீலப் படமுறை அது. பனிமூட்டத்தில் நேரம் பிடிக்கும், பொறுமை வேண்டும். சோப்பு நீர் பட்டால் நீலம் வெளுத்துவிடும். ஆகவே இதற்கு மட்டும் கண்ணாடி மூடி போடலாம்.

ஊட்டி வாசகி: வெள்ளி கறுத்துப்போகிறது. விபூதி போட்டுத் தேய்க்கலாமா?

பளபளப்பான நகைக்குத் தேய்க்கலாம். பள்ளத்தில் வேண்டுமென்றே கறுப்பு ஏற்றிய நகையைத் தேய்த்தால் என் உழைப்பும் சேர்ந்து போய்விடும். காற்றுப் புகாத பையில் வையுங்கள்.

கோவை வாசகர்: எட்டு கிராம் வெள்ளிக்கு இவ்வளவு செய்கூலியா?

ஓவியத்தைச் சாயத்தின் எடை பார்த்தா வாங்குகிறீர்கள்?

குன்னூர் புகைப்படக்காரர்: எனக்கு இந்த வேலை வருமா?

1839இல் டாகுவேர் அறிவித்த புகைப்படமே வெள்ளி பூசிய செப்புத் தகட்டில்தான் பதிந்தது. நீங்கள் அந்நியர் இல்லை. உங்கள் பத்துப் படங்களை ஒரு ரூபாய் நாணய அளவுக்கு வெட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் எதில் கண் நிற்கிறதோ, அதை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வாருங்கள்.