வண்டியில் அடிபட்ட பிராணி எழுந்து நடந்தால் போதுமா? வாசகர் கேள்விகளும் கால்நடை மருத்துவர் பதில்களும்

கேள்வி: எங்கள் வீட்டில் நான்கு வயது நாட்டு நாய் இருக்கிறது. பெயர் மணி. சென்ற மாதம் ஒரு மாலை, கேட்டைத் திறந்தவுடன் வெளியே ஓடி, டி.எச். ரோட்டில் வந்த காரில் அடிபட்டுவிட்டது. உருண்டு விழுந்தாலும் உடனே எழுந்து தானாகவே வீட்டுக்கு ஓடிவந்து, கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டது. காலில் சிராய்ப்பைத் தவிர வேறு காயம் தெரியவில்லை. "நடக்கிறதே, ஒன்றும் ஆகியிருக்காது" என்று என் மாமியார் சொன்னதால், மஞ்சள் தடவி விட்டுவிட்டோம். இரவு அது சோற்றைத் தொடவில்லை. மறுநாள் காலை மிகவும் மூச்சு வாங்கியதால் மருத்துவரிடம் கொண்டு போனோம். நெஞ்சுக்குள் காற்று சேர்ந்திருக்கிறது என்று சொல்லி, ஊசி மூலம் எடுத்தார். இப்போது நன்றாக இருக்கிறது. அன்று மாலையே நாங்கள் என்ன செய்திருக்க வேண்டும்?
வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: மணி பிழைத்துக்கொண்டது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. உங்கள் மாமியார் சொன்னதையேதான் பெரும்பாலான வீடுகளில் சொல்கிறார்கள் என்பதால், இதற்குச் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன். அடிபட்ட நாய் எழுந்து ஓடுவது, அது நலமாக இருக்கிறது என்பதற்கு அடையாளம் அன்று. அடி விழுந்த நொடியில் உடலில் அட்ரினலின் சுரக்கிறது. அந்த வேகத்தில் கால் எலும்பு முறிந்த நாய்கூட மூன்று காலில் ஓடி வீடு வந்து சேர்ந்துவிடும். பிறகு இருட்டான மூலையாகப் பார்த்து ஒளிந்துகொள்ளும். கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்ததும், இரவில் சோறு தின்னாததும் மணி உங்களுக்குக் காட்டிய அறிகுறிகள்.

வெளியே தெரியாத காயங்கள் நேரம் ஆக ஆகத்தான் தலைகாட்டும். நுரையீரலில் பட்ட அடி, நம் கையில் அடிபட்ட இடம் மறுநாள் வீங்குவதைப் போல, முதல் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் மோசமாகும். நுரையீரலில் சிறு கிழிசல் இருந்தால் காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து நெஞ்சுக்கூட்டில் சேர்ந்து, நுரையீரல் விரிய இடம் இல்லாமல் செய்துவிடும். மணிக்கு நேர்ந்தது இதுதான். இதயத்தில் அடிபட்டிருந்தால் துடிப்பின் ஒழுங்கு அன்றே கெடாமல், ஒன்றிரண்டு நாள் கழித்துக் கெடுவதும் உண்டு. சிறுநீர்ப்பை கிழிந்த நாய் சிறிது சிறுநீர் கழித்துக்கொண்டேகூட இருக்கும். மீதி வயிற்றுக்குள் சேர்ந்து, இரண்டு மூன்று நாளில் வாந்தியும் சோர்வுமாக வெளிப்படும். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் கிழிந்திருப்பது பல வாரங்கள் கழித்து எக்ஸ்ரேயில் தெரியவந்த பிராணிகளும் இருக்கின்றன. ஆகவே, வண்டியில் அடிபட்ட எந்தப் பிராணியையும், அது வாலை ஆட்டிக்கொண்டு நின்றாலும், அன்றே மருத்துவர் ஒருவர் பார்த்தாக வேண்டும் என்பதுதான் உங்கள் கேள்விக்கு என் முதல் பதில்.

மருத்துவமனைக்குக் கிளம்புமுன் ஒரு நிமிடம் ஒதுக்கி, நாயின் மேலுதட்டை மெதுவாகத் தூக்கி ஈற்றைப் பாருங்கள். நலமாக உள்ள நாயின் ஈறு இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்கும். அதில் விரலை வைத்து அழுத்தி எடுத்தால் அழுத்திய இடம் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். ஈறு வெளுத்தோ சாம்பல் நிறமாகவோ இருந்தாலும், நிறம் திரும்ப அதற்கு மேல் நேரம் எடுத்தாலும், காதும் பாதங்களும் சில்லிட்டிருந்தாலும், நாய் அதிர்ச்சி நிலையில் (உடலுக்குப் போதிய ரத்த ஓட்டம் இல்லாத நிலையில்) இருக்கிறது, பெரும்பாலும் உள்ளே ரத்தம் கசிகிறது என்று எடுத்துக்கொண்டு ஒரு நிமிடமும் தாமதிக்காமல் புறப்படுங்கள். நாட்டு நாய்களில் பலவற்றுக்கு ஈறே கறுப்பாக இருக்கும். அப்படியானால் கீழ் இமையை விரலால் இறக்கி, உட்புறத்தின் நிறத்தைப் பாருங்கள்.

வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையே கடிக்கும். அதற்காக அதன்மேல் கோபம் கொள்ளக் கூடாது. துப்பட்டாவையோ நீளமான துணியையோ மூக்கின்மேல் ஒரு சுற்றுச் சுற்றித் தாடைக்கு அடியில் குறுக்கே விட்டு, காதுகளுக்குப் பின்னால் முடிச்சுப் போட்டால் போதும். மூச்சுத் திணறும் நாய்க்கும், வாந்தி எடுக்கும் நாய்க்கும், பக் போன்ற தட்டை முக நாய்க்கும் இப்படிக் கட்டக் கூடாது. ரத்தம் வழியும் இடத்தில் சுத்தமான துணியை மடித்து வைத்து, ஐந்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நின்றுவிட்டதா என்று இடையிடையே தூக்கிப் பார்த்தால் உறையத் தொடங்கிய ரத்தம் பிய்ந்து மறுபடி வழியும். துணி நனைந்தால் அதன்மேலேயே இன்னொன்றை வையுங்கள். காலைக் கயிற்றால் இறுகக் கட்டுவது வேண்டாம். மஞ்சள்தூளும் காப்பித்தூளும் புண்ணுக்குள் ஒட்டிக்கொள்வதால், அவற்றைக் கழுவி எடுப்பதற்கே மருத்துவர் நேரம் செலவிட வேண்டிவரும்.

தூக்கும்போது முதுகெலும்பு வளையாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். முன்கால்களையும் பின்கால்களையும் ஆளுக்கு ஒருபுறமாகப் பிடித்துத் தூக்குவதை நம் தெருக்களில் அடிக்கடி பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு பதறுகிறது. முதுகெலும்பு முறிந்திருந்தால், அப்படித் தூக்குவதாலேயே பின்கால்கள் நிரந்தரமாகச் செயலிழந்து போகலாம். ஒரு பலகையை, அது கிடைக்காவிட்டால் கெட்டியான போர்வையை, நாயின் முதுகுப் பக்கமாகத் தரையோடு ஒட்டி வைத்து, இரண்டு பேர் சேர்ந்து தோளையும் இடுப்பையும் ஒரே நேரத்தில் அதன்மேல் இழுத்துக்கொள்ளுங்கள். அதன்பின் பலகையோடு ஆட்டோவில் ஏற்றலாம். மூச்சுத் திணறும் நாயைப் படுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தாமல், அதற்கு வசதியான நிலையிலேயே விட்டுவிடுங்கள். மேலே ஒரு துணியைப் போர்த்தலாம். தண்ணீர், பால், சோறு எதுவும் வேண்டாம்; அரை மயக்கத்தில் இருக்கும் பிராணிக்கு அது மூச்சுக்குழாயில் போய்விடும், அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் மயக்க மருந்து கொடுப்பதும் சிக்கலாகும்.

எங்கே கொண்டு போவது என்பதை அடிபட்ட பிறகு யோசிக்கக் கூடாது. வடசென்னையில் இருப்பவர்களுக்கு, 1903இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. எக்ஸ்ரே, ஸ்கேன், அறுவை சிகிச்சை எல்லாம் ஒரே வளாகத்தில் கிடைக்கும். அங்கும், உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள தனியார் மருத்துவரிடமும், இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் யார் பார்ப்பார்கள் என்பதை இன்றே கேட்டு, எண்ணைக் கைபேசியில் பதிந்து வையுங்கள். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தால் எந்தப் பாதையில் சுற்றிப் போவது என்பதையும் யோசித்து வைப்பது நல்லது.

மருத்துவர் பார்த்து வீட்டுக்கு அனுப்பிவிட்டாலும், முதல் இரண்டு நாட்கள் நாயைக் கட்டிப்போட்டு அருகிலேயே வைத்துக்கொள்ளுங்கள். தூங்கும் நாயின் நெஞ்சு ஒரு நிமிடத்தில் எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணுங்கள். 30ஐத் தாண்டிக் கூடிக்கொண்டே போனால், நள்ளிரவானாலும் திரும்பக் கொண்டு போங்கள். சிறுநீர் கழிக்கிறதா, அதில் ரத்தம் கலந்திருக்கிறதா, வயிறு உப்புகிறதா என்பதையும் கவனித்துச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் பூனை நேற்றுக் காலை வெளியே போய், இரவில் நொண்டிக்கொண்டு திரும்பியது. வண்டியில் அடிபட்டதா, நாய் துரத்தியதா என்று தெரியவில்லை. வால் துவண்டு தொங்குகிறது. வந்ததிலிருந்து சிறுநீர் கழிக்கவில்லை. காத்திருந்து பார்க்கலாமா?
வாசகர், காசிமேடு

பதில்: காத்திருக்கக் கூடாது, இதைப் படித்தவுடன் கிளம்புங்கள். வண்டியில் அடிபட்டதா என்பதை அறிய, பாதத்தை லேசாக அழுத்தி நகங்களைப் பாருங்கள். வண்டி மோதும்போது பூனை தரையை இறுகப் பற்றுவதால் நக நுனிகள் தேய்ந்து, நார் நாராகப் பிரிந்து, தார் ஒட்டியிருக்கும். அப்படி இருந்தால், பார்த்தவர் யாரும் இல்லாவிட்டாலும் அதைச் சாலை விபத்தாகவே கருத வேண்டும்.

வால் துவண்டிருப்பதும் சிறுநீர் வராததும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. வால் சக்கரத்தில் சிக்கி இழுபட்டால், அதன் அடியில் உள்ள நரம்புகளும், அவற்றுக்கு அருகிலிருந்து சிறுநீர்ப்பைக்குச் செல்லும் நரம்புகளும் சேதமாகின்றன. பை நிரம்பிக்கொண்டே போனாலும் பூனையால் அதைக் காலி செய்ய முடியாது. அதனால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயமே நின்றுபோகும் நிலை வரலாம். மருத்துவர் கையால் அழுத்தியோ குழாய் போட்டோ சிறுநீரை வெளியேற்றுவார். நீங்களாக வயிற்றை அழுத்திப் பார்க்காதீர்கள், பை கிழிந்துவிடும். வாலின் அடியில் கிள்ளினால் உணர்கிற பூனைகளில் பெரும்பாலானவை சில நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் தாமாகவே சிறுநீர் கழிக்கத் தொடங்கிவிடுகின்றன என்பதால் நம்பிக்கை இழக்க வேண்டாம். கொண்டு போகும்போது மடியில் வைக்காமல், துண்டு விரித்த அட்டைப்பெட்டியில் வைத்து, காற்றுக்குத் துளையிட்டு மூடிக் கொண்டு போங்கள்.

கேள்வி: அடிபட்ட பூனை வலியில் கத்திக்கொண்டே இருந்தால், நாம் போடும் பாரசிட்டமால் மாத்திரையில் பாதி கொடுக்கலாமா?
வாசகி, பெரம்பூர்

பதில்: கூடவே கூடாது. பாரசிட்டமாலை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகவும் குறைவு. 4 கிலோ பூனைக்கு 500 மில்லிகிராம் மாத்திரையில் பாதி, உயிரைப் பறிக்கக்கூடிய அளவு. சில மணி நேரத்தில் ஈறு பழுப்பாகும், முகமும் பாதங்களும் வீங்கும், மூச்சு திணறும். யாராவது தெரியாமல் கொடுத்துவிட்டால், வாந்தி எடுக்க வைக்க முயலாமல் மாத்திரை அட்டையோடு மருத்துவமனைக்கு ஓடுங்கள். மாற்று மருந்து இருக்கிறது, அதைச் சீக்கிரம் கொடுத்தால்தான் பயன். நாய்க்கும் இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற நம் வலி மாத்திரைகள் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் புண்ணாக்கிவிடும். வலிக்கு மருந்து கண்டிப்பாகத் தேவை, ஆனால் அதை மருத்துவர் கொடுக்க வேண்டும்.

கேள்வி: எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அடிபட்டுக் கிடக்கும் தெரு நாய்களை அடிக்கடி பார்க்கிறேன். உதவ மனம் இருந்தாலும் பயமாக இருக்கிறது. கடித்துவிட்டால் என்ன செய்வது? காவல் நிலையத்தில் பிரச்சினை வருமா?
வாசகர், திருவொற்றியூர்

பதில்: அடிபட்ட தெரு நாயை மருத்துவமனைக்குக் கொண்டு போவது குற்றம் அன்று, அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள். லாரிகளைப் பற்றிய பயம் நியாயமானது. கண்டெய்னர் ஓட்டுநருக்குத் தன் வண்டிக்கு மிக அருகில் குனிந்திருக்கும் ஆள் தெரியமாட்டார். வண்டியை ஓரம் கட்டி, விளக்குகளை எரியவிட்டு, ஒருவர் போக்குவரத்தைக் கவனித்துக் கையசைக்க, இன்னொருவர் நாயிடம் போக வேண்டும். தனியாக இருந்தால், உதவிக்கு ஆள் சேரும்வரை சாலையில் இறங்காதீர்கள். நாயை முன்னாலிருந்து நெருங்காமல், பக்கவாட்டில் மெதுவாகப் பேசிக்கொண்டே போய், கெட்டியான கோணியையோ போர்வையையோ மேலே போட்டு, மூக்கை மட்டும் விட்டுத் தலையை மூடினால் அது பெரும்பாலும் அடங்கிவிடும். விலங்கு நல அமைப்பான புளூ கிராஸ் வேளச்சேரியில் இருப்பதால், அங்கிருந்து வண்டி வந்து சேர நேரம் பிடிக்கும். நாய் அதிர்ச்சி நிலையில் இருந்தால், காத்திருப்பதைவிட நீங்களே ஒரு மினி வேன் பிடித்து வேப்பேரிக்குக் கொண்டு போவது நல்லது.

கடித்துவிட்டால், பல்பட்ட இடம் சிறிய கீறலாக இருந்தாலும், உடனே குழாய் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். அன்றே ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போனால் வெறிநாய்க்கடித் தடுப்பூசி இலவசமாகப் போடுவார்கள். தோலில் போடும் முறையில் முதல் ஊசி போட்ட நாளிலிருந்து 3, 7, 28ஆம் நாட்களில் மறுபடி போக வேண்டும். ரத்தம் வந்திருந்தால், காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத மருந்தும் தேவைப்படும். நாய் பிழைத்தால் அதைப் பத்து நாட்கள் கண்காணிக்க முடியுமா என்று பார்க்கலாம், ஆனால் அதற்காக உங்கள் முதல் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். கடித்ததை நாயைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள். அவரும் உதவியாளர்களும் அதன் வாய்க்கு அருகில் வேலை செய்யப் போகிறவர்கள்.