பனிக்காலத்தில் ஆக்ரா: ஒரே நாளில் முடியுமா?

கேள்வி: அரையாண்டு விடுமுறையில், டிசம்பர் கடைசி வாரம், திருச்சியிலிருந்து டில்லியில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போகிறோம். நான், கணவர், எட்டாவதும் ஐந்தாவதும் படிக்கும் இரண்டு பிள்ளைகள், 67 வயது அம்மா. தம்பிக்கு வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும்தான் லீவு. வியாழக்கிழமை நள்ளிரவு தாண்டி காரில் கிளம்பி, வெள்ளிக்கிழமை சூரிய உதயத்தில் தாஜ் மகால், அப்புறம் கோட்டை, பதேபூர் சிக்ரி எல்லாம் பார்த்துவிட்டு இரவே வீடு திரும்பிவிடலாம் என்கிறான். அம்மாவுக்கு முழங்கால் வலி. இது சரிவருமா?

பதில்: சரிவராது. வெள்ளிக்கிழமை தாஜ் மகாலுக்குள் பார்வையாளர்களை விடுவதில்லை. அங்கிருக்கும் மசூதியில் தொழுகை நடத்துவதற்காக மட்டும் மதியம் கொஞ்ச நேரம் திறப்பார்கள். டில்லியிலிருந்து ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் ஆக்ரா கொண்டுபோய்ச் சேர்க்கும் கதிமான் எக்ஸ்பிரஸ்கூட வெள்ளிக்கிழமை ஓடாததற்கு இதுதான் காரணம். டில்லியிலேயே வசிக்கிற உங்கள் தம்பிக்கு இது எப்படித் தெரியாமல் போனது என்று நீங்கள்தான் கேட்க வேண்டும்!

கிழமையைவிடப் பெரிய சிக்கல் மூடுபனி. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் யமுனைக் கரை முழுக்கப் பனி இறங்கிவிடும். பல நாள்களில் காலை பத்து மணிவரைகூட விலகாது. கிரேட்டர் நொய்டாவிலிருந்து ஆக்ராவரை 165 கிலோமீட்டர் ஓடும் யமுனா எக்ஸ்பிரஸ்வே நல்ல சாலைதான். ஆனால் பனியில் முன்னால் போகிற லாரி கண்ணுக்குத் தெரியாமல், ஒன்றன்மேல் ஒன்றாக வண்டிகள் மோதிய விபத்துகள் அதில் பலமுறை நடந்திருக்கின்றன. குளிர்காலத்தில் அங்கே வேக வரம்பையே குறைத்துவிடுகிறார்கள். பிள்ளைகளையும் அம்மாவையும் வைத்துக்கொண்டு இரவிலோ விடியற்காலையிலோ அந்தச் சாலையில் போகவே வேண்டாம்.

அப்படியே உயிரைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாலும் சூரிய உதயத்தில் என்ன தெரியும்? வாசலைத் தாண்டினால் எதிரே வெள்ளையாக ஒரு திரை. தாஜ் அதற்குப் பின்னால் எங்கோ இருக்கும். ‘அதிகாலையில் போங்கள்’ என்று எல்லோரும் சொல்லும் அறிவுரை அக்டோபர், நவம்பர், பிப்ரவரி, மார்ச்சுக்குப் பொருந்தும். உங்கள் வாரத்துக்கு நான் சொல்வது நேர் எதிர்: நண்பகலில் போங்கள். தாஜின் முகப்பு தெற்கே பார்த்தது. டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்து தாழ்வாகப் போவதால் பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை வெயில் நேராக முகப்பில் விழும். அந்த நேரத்து வெயில் உடம்புக்கும் இதமாக இருக்கும். மே மாதம் இதே யோசனையைச் சொன்னால் என்னை அடிக்க வருவீர்கள்.

ஆகவே மூன்று நாள் லீவையும் ஆக்ராவுக்கே கொடுத்து, அங்கே இரண்டு இரவு தங்குங்கள். அந்த வாரம் அறைகள் சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் இப்போதே பதிவு செய்துவிடுங்கள். பதிவு செய்யும்போது வெந்நீரும் ரூம் ஹீட்டரும் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல ஓட்டல்களில் ஹீட்டருக்குத் தனிக் காசு. இரவில் குளிர் ஒற்றை இலக்க டிகிரிக்கு இறங்கும், திருச்சி உடம்பு தாங்காது. தாஜின் தெற்கு வாசலை ஒட்டிய தாஜ்கஞ்சில் வாடகை குறைவு. சந்துகள் குறுகல் என்பதால் கார் வைத்திருக்கும் உங்களுக்கு பதேஹாபாத் ரோடுதான் வசதி.

வெள்ளிக்கிழமை காலை பனி விலகியபின் டில்லியிலிருந்து கிளம்பினால் மதியம் இரண்டு, இரண்டரைக்கு ஆக்ராவில் இருப்பீர்கள். நேராக யமுனையின் இடக்கரையில் இருக்கும் இதிமாத்-உத்-தௌலா கல்லறைக்குப் போங்கள். ஆட்டோக்காரர்களிடம் ‘பேபி தாஜ்’ என்றால் தெரியும். டில்லியிலிருந்து ஒரே நாளில் வந்து போகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் இடம் இது. எனக்குக் கேட்டால் ஆக்ராவில் கல்வேலையை நிதானமாகப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. ஜஹாங்கீரின் மனைவி நூர்ஜஹான், இதிமாத்-உத்-தௌலா என்று பட்டம் பெற்ற தன் தந்தை மிர்சா கியாஸ் பேக்குக்காக 1622இலிருந்து 1628வரை கட்டியது. முகலாயர்கள் அதுவரை செம்மணற்கல்லில் கட்டிவந்தார்கள். ஒரு கல்லறை முழுவதையும் வெள்ளைப் பளிங்கால் போர்த்தி, அதில் வண்ணக் கற்களைச் செதுக்கிப் பதித்தது இங்கேதான் தொடங்குகிறது. மதுக்குடுவை, பழத்தட்டு, சைப்ரஸ் மரம், பூச்சாடி என்று சுவர் முழுக்க வேலைப்பாடு. தாஜில் கூட்டம் உங்களைத் தள்ளிக்கொண்டே போகும். இங்கே பிள்ளைகள் சுவருக்குப் பக்கத்தில் நின்று, ஒரு பூவுக்கு எத்தனை துண்டுக் கல் என்று எண்ணிப் பார்க்கலாம். கட்டடம் சிறியது, அம்மாவுக்கும் நடை குறைவு.

அங்கிருந்து அதே கரையில் மெஹ்தாப் பாக். தாஜுக்கு நேர் எதிரே, ஆற்றின் மறுபக்கத் தோட்டம். குளிர்காலத்தில் இங்கிருந்து எடுக்கும் படங்கள் பளிச்சென்று வராது, ஏனென்றால் சூரியன் தாஜுக்குப் பின்னால் இருக்கும். ஆனாலும் போங்கள். முகலாயத் தோட்டக் கல்லறைகளில் வழக்கமாக நட்டநடுவில் இருக்கும் கல்லறை, தாஜில் மட்டும் ஏன் தோட்டத்தின் ஒரு கோடியில், ஆற்றங்கரையில் போய் நிற்கிறது என்பது இங்கே நின்றால்தான் புரியும். அக்கரைத் தோட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள், தாஜ் நடுவுக்கு வந்துவிடும். அன்றைய ஆக்ராவே ஆற்றின் இரு கரையிலும் தோட்டங்கள் நிரம்பிய ஊர். படகில் போகிறவன் கண்ணுக்காகக் கட்டிய ஊரை இன்று நாம் காரில், பின்வாசல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஷாஜகான் தனக்காகக் கருப்புப் பளிங்கில் இன்னொரு தாஜ் கட்டத் தொடங்கிய இடம் இது என்று கைடு சொல்வார். 1990களில் தோண்டிப் பார்த்தார்கள். கட்டடத்துக்கான அஸ்திவாரம் எதுவும் இல்லை. கிடைத்தது எண்கோண வடிவத்தில் ஒரு பெரிய குளம், அதில் தாஜின் பிம்பம் விழும்படி அமைந்தது. ஆதாரமாகக் காட்டிய கருப்புக் கற்களும் நாள்பட்டுக் கறுத்த வெள்ளைக் கற்கள்தான். 1652இல் ஔரங்கசீப் தன் தந்தைக்கு எழுதிய கடிதத்தில் தாஜின் மேற்கூரை ஒழுகுவதையும், இந்தத் தோட்டத்தில் வெள்ளம் புகுந்ததையும் சொல்கிறார். பிள்ளைகளுக்குக் கருப்பு தாஜைவிட இந்தக் கதையைச் சொல்லுங்கள். கட்டி முடித்த கையோடு ஒழுகிய கட்டடம் என்றால் அவர்களுக்கும் பிடிக்கும்.

சனிக்கிழமை அவசரமில்லாமல் எழுந்து, பேடையும் ஜிலேபியும் சாப்பிடுங்கள். பேடை என்பது உளுந்து மசாலா வைத்துப் பொரித்த பூரி. காரமான உருளைக்கிழங்குக் குழம்போடு தருவார்கள், ஊர்க்காரர்களின் காலை உணவே அதுதான். அம்மாவுக்கு ஒத்துவராவிட்டால் சதர் பஜார் பக்கம் தோசை கிடைக்கும். சாம்பாரில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

காலையில் கோட்டை. செம்மணற்கல் பனியிலும் எடுப்பாகத்தான் தெரியும். 1565இல் அக்பர் கட்டத் தொடங்கியது. உள்ளே இருக்கும் பளிங்கு மண்டபங்கள் பேரன் ஷாஜகானுடையவை. பெரும்பகுதி இன்றும் ராணுவத்திடம் இருப்பதால் நாம் பார்ப்பது ஒரு பகுதியைத்தான். அமர்சிங் வாசலில் நுழைந்ததும் கல் பாவிய சரிவுப் பாதை ஒன்று ஏறுகிறது, அம்மாவுக்குச் சிரமம் அங்கேதான். மெதுவாக ஏறிவிட்டால் அப்புறம் பெரும்பாலும் சமதளம். முசம்மன் புர்ஜ் என்ற எண்கோண மாடத்தைத் தவறவிடாதீர்கள். மகன் சிறை வைத்தபின் 1658இலிருந்து 1666இல் இறக்கும்வரை ஷாஜகான் இந்தக் கோட்டையில்தான் இருந்தார். ஆற்றின் வளைவுக்கு அப்பால் தாஜ் தெரியும், பனி விட்டால்.

பதினொன்றரைக்கு வெளியே வந்து, ஏதாவது சாப்பிட்டுவிட்டு தாஜின் கிழக்கு வாசலுக்குப் போங்கள். சனிக்கிழமை, அதுவும் அந்த வாரம் என்பதால் கூட்டம் நெரியும். டிக்கெட்டை முன்கூட்டியே தொல்லியல் துறையின் இணையதளத்தில் எடுத்துவிடுங்கள். இந்தியர்களுக்கு 50 ரூபாய், கல்லறை நிற்கும் மேடைக்கு ஏற மேலும் 200. பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் வயதைக் காட்டும் அட்டையைக் கையில் வைத்திருங்கள். டிக்கெட் மூன்று மணி நேரத்துக்குத்தான் செல்லும், அது தாராளமாகப் போதும்.

பெட்ரோல், டீசல் வண்டிகளை நெருங்க விடமாட்டார்கள். ஷில்ப்கிராம் நிறுத்துமிடத்தில் காரை விட்டுவிட்டு பேட்டரி வண்டியில் வாசலுக்குப் போகலாம். ‘இன்றைக்கு அந்த வாசல் மூடியிருக்கு, நான் வேறு வழியில் கூட்டிப்போகிறேன்’ என்று யாராவது வந்தால் காதில் வாங்காமல் நடங்கள். பையில் சாப்பாடு, தீப்பெட்டி, டிரைபாட் எதுவும் கூடாது. நம்மவர்கள் கட்டிக்கொண்டு போகும் புளியோதரைப் பொட்டலம் காரிலேயே இருக்கட்டும். தண்ணீர் பாட்டிலுக்குத் தடையில்லை.

அம்மாவுக்கு 200 ரூபாய் டிக்கெட் தேவையில்லை என்பது என் கருத்து. மேடைக்குப் படியேற வேண்டும், உள்ளே இருட்டு, நெரிசல். பளிங்குத் திரையைச் சுற்றிப் பத்து நிமிடத்தில் வெளியே தள்ளிவிடுவார்கள். அங்கே தெரியும் இரண்டு சமாதிகளும் மேலே வைத்த அடையாளங்கள்தான், உண்மையான கல்லறைகள் கீழ்த்தளத்தில் இருக்கின்றன. தோட்டத்தின் நடுவில் பளிங்குத் தொட்டி இருக்கும் மேடைப் பக்கம் அம்மாவை வெயிலில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் நால்வரும் தம்பியும் ஏறிவிட்டு வாருங்கள். அந்தத் தொட்டிப் பக்கம்தான் தாஜைப் பார்க்க நல்ல இடமும்கூட. கணவரோ தம்பியோ ஒருவர் முறைவைத்து அம்மாவோடு இருந்தால் இன்னும் நல்லது. எல்லோருக்கும் தடிமனான காலுறை எடுத்துப் போங்கள், டிசம்பர் பளிங்கு ஐஸ் கட்டிதான். வாசலில் சக்கர நாற்காலி கேட்டும் வாங்கலாம்.

பௌர்ணமி இரவில் பார்க்கும் வசதி பற்றி யாராவது ஆசை காட்டுவார்கள். பௌர்ணமியை ஒட்டி ஐந்து இரவுகள், அரை மணி நேரம், தொலைவில் நின்று பார்ப்பது. பனியில் அதற்குப் பணம் கட்ட வேண்டாம்.

மாலையில் டிரைவரோ கைடோ ‘பளிங்குப் பட்டறை’க்குக் கூட்டிப்போகத் துடிப்பார்கள், கமிஷன் விவகாரம். தாஜைக் கட்டியவர்களின் வாரிசு என்று கடையில் சொல்வார்கள். வாங்க விருப்பம் இருந்தால் அடிப்பக்கத்தை ஒரு சாவியால் லேசாகக் கீறிப் பாருங்கள். சுலபமாகக் கோடு விழுந்தால் அது மாக்கல். கீற விடமாட்டேன் என்றாலும் பதில் கிடைத்துவிட்டது. வெண்பூசணியில் செய்யும் பேத்தா இனிப்பை மட்டும் மனம்போல வாங்கலாம். ஒரே பெயரில் தெருவுக்குப் பத்துக் கடை இருக்கும், ருசி பார்த்து வாங்குங்கள். பாகில் ஊறியதைவிட உலர்ந்த வகை திருச்சிவரை தாங்கும்.

பதேபூர் சிக்ரியை இந்த முறை விட்டுவிடச் சொல்வேன். 1571இலிருந்து 1585வரை அக்பரின் தலைநகராக இருந்த ஊர், மூன்று மணி நேரமாவது அதற்குத் தர வேண்டும். டில்லிப் பாதையை விட்டு விலகி நாற்பது கிலோமீட்டர் போய்த் திரும்பினால் இரவுப் பனியில் மாட்டுவீர்கள். அங்கே புலந்த் தர்வாசா என்ற பெரிய வாசலின் படிகளும் முழங்காலுக்கு ஆகாது. அதற்குப் பதிலாக ஞாயிறு காலை பத்து மணிக்கு அறையைக் காலி செய்துவிட்டு, மதுரா சாலையில் இருக்கும் சிக்கந்தராவில் அக்பரின் கல்லறையைப் பாருங்கள். தோட்டத்தில் மான்கள் மேயும், பிள்ளைகளுக்குப் பிடித்துவிடும். நுழைவாயிலின் உச்சியில் நான்கு வெள்ளை மினார்கள் நிற்கும். 1613இல் முடிந்த கட்டடம் அது. முந்தின நாள் தாஜின் நான்கு மூலையிலும் பார்த்தவை இங்கிருந்து வந்தவைதானே என்று பெரியவனோ பெரியவளோ கேட்டால் ஆமாம் என்று சொல்லலாம்.

பன்னிரண்டரைக்கு மதுரா வழியாகவே டில்லி நோக்கிக் கிளம்பிவிடுங்கள். இருட்டும் பனியும் சேர்ந்து இறங்குவதற்குள் வீட்டில் இருப்பீர்கள்.