தேவ சுபாவமும் சமத்துவமும்

கேள்வி: விசுவாசிகளுக்கும் தேவ சுபாவத்தில் பங்குண்டு என்கிறது 2 பேதுரு 1:4. அப்படியிருக்க, அதே சுபாவம் இருப்பதால் மட்டும் இயேசு கடவுளுக்குச் சமம் என்று சொல்லலாமா, ஐயா?
– வாசகர், கல்லடி, மட்டக்களப்பு

பதில்: அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, தம்பி, நானும் சொல்ல மாட்டேன். நமக்குக் கிடைப்பது வாக்குத்தத்தத்தால் வரும் கொடை. குமாரனாகிய இயேசுவுக்கோ அது ஆதியிலிருந்தே உரியது. சகலமும் அவர் மூலமாய் உண்டாயிற்று என்கிறது யோவான் 1:3. அப்படியானால் உண்டானவற்றில் அவர் ஒருவரல்ல. ஆரியுஸ் என்ற குருவானவர் அவரைப் படைக்கப்பட்டவர் என்றபோது, 325இல் திருச்சபைத் தலைவர்கள் கூடிய நிசேயா சங்கம் மறுத்ததும் இதற்காகத்தான்.

சரி, பிதா தம்மிலும் பெரியவர் என்று இயேசுவே சொல்கிறாரே (யோவான் 14:28)? புளியந்தீவில் எங்கள் ஞாயிறு பாடசாலைப் பிள்ளை ஒருத்தி வசனத்தில் விரலை வைத்தபடி இதையே கேட்டாள். பிலிப்பியர் 2ஐத் திறந்து, அடிமையின் ரூபமெடுத்துத் தம்மைத் தாழ்த்தியவர் பேசுகிறார் என்றேன். "அப்போ பிறகு?" என்றாள். தேவன் அவரை எல்லாவற்றுக்கும் மேலாக உயர்த்திய 9ஆம் வசனத்தை அவளையே வாசிக்கச் சொன்னேன்.