அறுந்த நுனியை எறிந்துவிடாதீர்கள்: தூண்டில், பிரெய்ட் நூல் கேள்வி-பதில்

கொஞ்ச நாளாக வந்து சேர்ந்த கேள்விகளை ஒன்றாக வைத்துப் பதில் எழுதுகிறேன். அநேகம் பேர் கேட்பது "நூல் அறுந்துவிட்டது, எந்த நூல் நல்லது?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது அறுந்த நுனி எப்படி இருந்தது என்று. அதைக் கேட்டால் பாதிப் பேர் "பார்க்கவில்லை, வெட்டி எறிந்துவிட்டேன்" என்கிறார்கள். மீன் போய்விட்டது, என்ன நடந்தது என்று சொல்ல மிஞ்சியிருப்பது அந்த அரை அங்குல நுனி மட்டும்தான். அதையும் எறிந்துவிட்டால் அடுத்த மீனும் அதே வழியில்தான் போகும்.

கல்லடியிலிருந்து ஒரு தம்பி: "அண்ணா, பாலத்தடியில் இரவு கொடுவாவுக்குப் போனேன். 30 இறாத்தல் பாரம் தாங்கும் பிரெய்ட், புதுசு. பெரிய மீன் ஒன்று பிடித்துத் தூண் பக்கமாக ஓடியது, சட்டென்று அறுந்துவிட்டது. நுனி பஞ்சு மாதிரி பிரிந்து கிடக்கிறது. 50 இறாத்தலுக்கு மாறட்டுமா?"

தம்பி, நீங்கள் நுனியைப் பார்த்தீர்களே, அதுவே பெரிய விஷயம். பஞ்சு மாதிரி பிரிந்திருந்தால் நூல் இழுவையில் அறவில்லை, உரசித் தேய்ந்து அறுந்திருக்கிறது. 50க்கு மாறினாலும் அதே தூணில் கொஞ்சம் பிந்தி அறும், அவ்வளவுதான்.

பிரெய்ட் என்பது பொலித்தீன் குடும்பத்தைச் சேர்ந்த மிக மெல்லிய இழைகளை நாலாகவோ எட்டாகவோ பின்னிச் செய்த நூல். நேராக இழுத்தால் அதே தடிப்புள்ள தங்கூசி (ஒற்றை இழை நைலான் நூல்) அதற்குக் கிட்டவும் வராது. ஆனால் கல்லிலோ சிப்பியிலோ உரசினால் நிலைமை வேறு. தங்கூசி ஒரே தண்டு, தடிப்பானது, மேல்தோல் சுரண்டுப்பட்டாலும் உள்ளே சதை மிஞ்சியிருக்கும். பிரெய்டில் உரசும் ஒவ்வொரு தடவையும் சில இழைகள் போய்க்கொண்டே இருக்கும், அது இழுபடாது என்பதால் முழு வேகமும் அந்த ஒரு இடத்திலேயே விழும். பாலத்தூண்களில் நீர்மட்டத்துக்குக் கீழே ஒட்டியிருக்கும் சிப்பியைக் கையால் தடவிப் பார்த்தவர்களுக்கு மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை.

அதனால் பிரெய்டின் முன்னால் லீடர் (பிரெய்டுக்கும் தூண்டிலுக்கும் நடுவில் வரும், உரசலைத் தாங்கும் துண்டு நூல்) கட்டாமல் கொடுவாவுக்குப் போகவே போகாதீர்கள். 40 முதல் 60 இறாத்தல் வரை ஃப்ளூரோகார்பன் நூல், அது கிடைக்காவிட்டால் தடித்த தங்கூசி. திறந்த தண்ணீரில் ஒரு மீட்டர் போதும், தூண், கல், கண்டல் வேர் உள்ள இடத்தில் இரண்டு மீட்டர் வையுங்கள். கொடுவாவின் செவுள் மூடி ஓரம் சவர அலகு மாதிரி, வாயின் உட்புறம் அரம் மாதிரி, ஆகவே தூணே இல்லாவிட்டாலும் அந்த மீனுக்கு லீடர் வேண்டும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் லீடரின் கடைசி ஒரு சாணை விரலுக்கு நடுவில் உருவிப் பாருங்கள். சொரசொரப்பு தட்டினால் அந்தச் சாண் முழுவதையும் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள், கஞ்சத்தனம் வேண்டாம்.

இன்னொன்று, நிற்கும் இடம். மீன் பிடித்த பிறகு தூணைவிட்டு விலக்கி இழுக்க வழியில்லாத இடத்தில் நின்றுகொண்டு எந்த நூலைப் போட்டும் பலனில்லை. வீசுவதற்கு முன்னால் "பிடித்தால் எந்தப் பக்கம் இழுப்பேன்?" என்று ஒரு தடவை யோசித்துவிட்டு வீசுங்கள்.

இதோடு ஒரு வேண்டுகோள். கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, வளர்ந்து பெரிதான பிறகு பெண்ணாக மாறும் மீன். ஒரு மீட்டருக்குக் கிட்ட வரும் மீன் அநேகமாக முட்டை போடும் பெண்தான். படம் எடுத்துவிட்டு அதைத் திரும்ப விடுங்கள், சமைக்க அதைவிடச் சின்னது நல்ல ருசி.

கல்முனை வாசகர் ஒருவர்: "தங்கூசிக்குப் போடும் அதே முடிச்சைத்தான் போட்டேன். நூல் அறவில்லை, தூண்டில் மட்டும் காணோம். நுனி சுத்தமாக இருக்கிறது."

முடிச்சு வழுக்கி அவிழ்ந்திருக்கிறது. தங்கூசியில் இது நடந்தால் நுனி பன்றி வால் மாதிரி சுருண்டு வரும், அந்தச் சுருளைப் பார்த்தவுடன் முடிச்சுத்தான் காரணம் என்று அடித்துச் சொல்லலாம். பிரெய்டில் சுருளாது, சும்மா நழுவிப் போய்விடும், அதனால்தான் பலருக்கு இது பிடிபடுவதில்லை.

பிரெய்டின் மேற்பரப்பு மெழுகு மாதிரி வழுக்கும். தங்கூசிக்கு ஐந்து சுற்றுப் போதுமென்றால் இதற்குக் குறைந்தது எட்டுச் சுற்று வேண்டும், அல்லது நூலை இரட்டையாக்கிக் கட்டும் பலோமர் முடிச்சு. நூலை மடித்துத் தூண்டிலின் கண்ணுக்குள்ளால் விட்டு, மடித்தபடியே ஒரு சாதாரண முடிச்சுப் போட்டு, அந்த மடிப்பு வளையத்துக்குள்ளால் தூண்டில் முழுவதையும் நுழைத்து இறுக்குவதுதான் அது. இருட்டிலும் கட்டலாம். இறுக்குமுன் எச்சில் தொட்டு நனையுங்கள். இந்த நூல் நைலானைவிடக் குறைந்த சூட்டிலேயே உருகும், உலர்ந்தபடி சரக்கென்று இறுக்கினால் உரசும் சூட்டில் முடிச்சின் உள்ளேயே நூல் பலவீனமாகிவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. மிச்ச நுனியை முடிச்சோடு ஒட்ட வெட்டாமல் ஒரு நெல்மணி நீளம் விடுங்கள்.

பிரெய்டையும் லீடரையும் இணைக்க இரட்டை யூனி முடிச்சுப் போதும். எஃப்.ஜி. முடிச்சு அதைவிட மெல்லியது, ரொட்டின் (தூண்டில் கோலின்) வளையங்களுக்குள்ளால் தடக்காமல் போகும். ஆனால் அதைக் காற்றில் நின்றுகொண்டு கட்டப் பழகாதீர்கள், வீட்டில் மின்விளக்கடியில் இருபது தடவை கட்டி அவிழ்த்த பிறகு கரைக்குக் கொண்டு போங்கள்.

"பாலமீன்மடு முகத்துவாரத்தில் வீசும்போது மூன்று வீச்சுக்கு ஒரு தடவை நூல் உருண்டையாகச் சிக்கி வருகிறது. வாடைக் காற்று என்று நினைக்கிறேன்."

காற்றுக்கும் பங்கு உண்டு, ஆனால் முக்கால்வாசிக் குற்றம் ரீலில்தான். ஸ்பூலின் (ரீலில் நூல் சுற்றியிருக்கும் உருளையின்) விளிம்பு வரை நூல் நிரப்பியிருக்கிறீர்களா? இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறைவாக இருக்கட்டும், இல்லாவிட்டால் ஒரு வளையம் போகும்போது அடுத்த நாலு வளையத்தையும் இழுத்துக்கொண்டு போகும். அப்புறம் சுற்றும்போது நூலில் இறுக்கம் இருக்க வேண்டும். லேசான லூரை (மீன், தவளை மாதிரி செய்த செயற்கை இரையை) போட்டு, முகத்துக்கு நேரே வாடை அடிக்கும்போது வீசினால் லூர் விழுந்த பிறகும் நூல் வில் மாதிரி வளைந்து தொங்கும், அந்தத் தொய்வோடு கைப்பிடியைச் சுற்றினால் ஸ்பூலில் தளர்ந்த வளையங்கள் ஏறும், அடுத்த வீச்சில் அவைதான் உருண்டையாக வெளியே வரும். லூர் தண்ணீரைத் தொட்டதும் நூலை ஸ்பூலுக்கு வழிகாட்டும் ரீலின் கம்பியைக் கையால் மூடி, நூலை ஒரு தடவை விரலால் இழுத்து இறுக்கிவிட்டுச் சுற்றத் தொடங்குங்கள். கைப்பிடியைச் சுற்றிக் கம்பியை மூடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். இந்த ஒன்றை மாற்றியதிலேயே எனக்கு நல்ல வித்தியாசம் தெரிந்தது.

சிக்கு வந்துவிட்டால் இழுக்கவே கூடாது. இழுத்தால் அது முடிச்சாகிவிடும். ஒரு ஊசியால் வளையங்களை வெளிப்பக்கமாகத் தளர்த்திக்கொண்டே வாருங்கள், பொறுமையிருந்தால் அநேகமானவை அவிழும்.

இதே வாசகர் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தார், ட்ரக்கை (மீன் இழுக்கும்போது எவ்வளவு பாரத்தில் நூல் கழலும் என்பதைச் சரிசெய்யும் ரீலின் பகுதியை) எவ்வளவு இறுக்கினாலும் மீன் நூலை எடுத்துக்கொண்டே போகிறதாம். ட்ரக் பழுதில்லை. பிரெய்டை வெறும் ஸ்பூலில் நேரே சுற்றினால் சுற்றிய நூல் முழுவதும் ஒரு வளையல் மாதிரி ஸ்பூலின் மேலே வழுக்கிச் சுழலும். அடியில் கொஞ்சம் தங்கூசி சுற்றிவிட்டு அதன் மேலே பிரெய்டைக் கட்டுங்கள், பிடித்துக்கொள்ளும்.

ஓட்டமாவடியிலிருந்து: "லூரில் வந்த மும்முனைத் தூண்டில் நிமிர்ந்து போய்விட்டது. நூலும் முடிச்சும் அப்படியே இருக்கின்றன. மலிவான லூர் வாங்கியது என் பிழையா?"

பிழை என்று சொல்லமாட்டேன், மலிவான லூர்களும் நன்றாக நீந்துகின்றன. அவற்றின் தூண்டிலையும் அதைப் பிடித்திருக்கும் வளையத்தையும் மட்டும் வாங்கிய அன்றே கழற்றிவிட்டுத் தடித்த கம்பியில் செய்தவற்றைப் போடுங்கள். அதே எடைக்குக் கிட்ட இருக்க வேண்டும், கூடினால் லூரின் ஆட்டம் கெட்டுவிடும்.

ஆனால் தூண்டில் நிமிர்வதற்கு இன்னொரு காரணம் ட்ரக். தங்கூசி போட்டுப் பழகியவர்கள் பிரெய்டுக்கு மாறும்போது ட்ரக்கையும் பழையபடியே வைத்திருக்கிறார்கள். தங்கூசி ரப்பர் மாதிரி இழுபட்டு மீனின் உதறலை வாங்கிக்கொள்ளும். பிரெய்ட் இழுபடாது, உதறல் முழுவதும் தூண்டிலுக்கும் மீனின் வாய்க்கும் போய்ச் சேரும், ஒன்றில் தூண்டில் நிமிரும் இல்லாவிட்டால் வாய் கிழியும். ட்ரக்கைக் கையால் இழுத்து மட்டுப்பிடிக்காமல் ஒரு தொங்கு தராசை நூல் நுனியில் கட்டி, ரொட்டை மீன் பிடித்தபடி வளைத்து, ஒருவரை இழுக்கச் சொல்லுங்கள். நூலின் பலத்தில் நாலில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வந்தால் நூல் கழல வேண்டும். 30 இறாத்தல் நூலுக்கு அது மூன்றரை கிலோவிலிருந்து நாலரை கிலோ. தூண்டில் மெல்லியதென்றால் குறைந்த பக்கத்திலேயே நில்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் ட்ரக்கைத் தளர்த்திவிட்டு வையுங்கள், உள்ளே இருக்கும் வட்டுகள் நெருங்கி ஒட்டிக்கொள்ளாது.

முனையையும் பாருங்கள். தூண்டில் முனையைப் பெருவிரல் நகத்தில் சாய்த்து வைத்து மெல்ல இழுங்கள். குத்தி நின்றால் கூர், வழுக்கினால் மொட்டை. மொட்டையான தூண்டிலை வைத்துக்கொண்டு கொடுவா குதித்துக் கழன்றுவிட்டது என்று கவலைப்படுவதில் பயனில்லை. சின்ன அரத்தால் இரண்டு மூன்று இழுவை, முனையை நோக்கி. குதிக்கும்போது ரொட்டின் நுனியைத் தண்ணீர்ப் பக்கம் தாழ்த்துங்கள்.

பெரியகல்லாறிலிருந்து, உயிர் இறால் குத்தி வட்டத் தூண்டில் போடுபவர்: "கடிக்கிறது, வெட்டி இழுத்தால் வெறும் தூண்டில்தான் வருகிறது."

கோலைச் சட்டென்று வெட்டிச் சுண்டி இழுக்காதீர்கள். வட்டத் தூண்டில் மீன் திரும்பி ஓடும்போது தானாக வாயோரத்தில் போய் ஏறும்படி வளைக்கப்பட்டது, நீங்கள் வெட்டினால் அதை வாயிலிருந்து பிடுங்கிவிடுகிறீர்கள். நூல் இறுகும்வரை விட்டுவிட்டுச் சும்மா சுற்றுங்கள். இறாலைத் தூண்டில் முழுக்கக் கோர்த்து முனைக்கும் தண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அடைக்காமல் தலையின் கொம்படியில் லேசாகக் குத்துங்கள்.

"இறக்காமம் குளத்தில் விராலுக்குத் தவளை லூர் போடுகிறேன். அடிக்கிறது, ஆனால் ஏறுவதில்லை."

அவசரம்தான் காரணம். தண்ணீர் வெடித்ததும் கை தானாக வெட்டும், எல்லோருக்கும் அப்படித்தான். நூலில் பாரம் தெரியும்வரை, ஒன்று இரண்டு எண்ணும் நேரம், பொறுத்துவிட்டுப் பிறகு பலமாக வெட்டுங்கள். தவளையின் இரண்டு முனைகளும் முதுகோடு ஒட்டியிருந்தால் குறட்டால் துளி மட்டும் வெளிப்பக்கம் விரியுங்கள். இங்கே பிரெய்ட் தடிப்பாகவே இருக்கட்டும், 50 இறாத்தல், தாமரை இலைத் தண்டை அறுத்துக்கொண்டு வர வேண்டும். லூர் செடியில் கொளுவிக்கொண்டால் கழற்ற இறங்காதீர்கள். அம்பாறைக் குளங்களில் முதலை உண்டு, லூரை விட்டுவிடுங்கள்.

கொளுவிய நூலைக் கையில் சுற்றி இழுப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன். உன்னிச்சையில் ஒரு தடவை நான் அப்படிச் செய்து சுட்டுவிரலில் எலும்பு தெரியும் அளவுக்கு வெட்டுப்பட்டேன், இப்போதும் குளிருக்கு அந்த விரல் மரத்துப்போகும். ஒரு தடியில் நாலு சுற்றுச் சுற்றி, தடியைப் பிடித்து நேராகப் பின்னால் நடங்கள்.

கோட்டைக்கல்லாறிலிருந்து ஒரு தாய்: "மகன் பன்னிரண்டு வயது. தூண்டில் கையில் ஏறினால் என்ன செய்வது?"

அம்மா, முதலில் லூரையும் நூலையும் வெட்டி அகற்றுங்கள், தொங்கி இன்னும் ஆழமாக ஏறக்கூடாது. கண், கழுத்து, மூட்டுப் பக்கம் என்றால் தொடாமல் நேரே ஆஸ்பத்திரி. விரலின் சதையில் முனைக்குக் கீழே இருக்கும் எதிர்முள்ளும் சேர்ந்து உள்ளே போயிருந்தாலும் வீட்டில் பிடுங்கப் பார்க்காதீர்கள், ஏற்பு ஊசியும் கேட்டுப் போடுங்கள். அதைவிட நல்ல வழி, மகனின் தூண்டில்களில் இருக்கும் எதிர்முள்ளை இன்றைக்கே குறட்டால் நசுக்கித் தட்டையாக்கிவிடுங்கள். நூலை இறுக்கமாக வைத்திருந்தால் மீன் கழலாது, குத்தினாலும் வந்த வழியே கழற்றலாம். கண்ணுக்கு ஒரு கண்ணாடியும் வாங்கிக் கொடுங்கள்.

"பெட்டியில் தூண்டில் எல்லாம் துருப்பிடிக்கிறது." பாவித்த லூரை ஈரத்தோடு புதியவற்றின் பக்கத்தில் போடுவதால்தான். நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, மறுநாள் பெட்டிக்குள் வையுங்கள். துருப்பிடித்த ஒன்று மற்றதையும் கெடுக்கும், அதை வைத்திருக்க வேண்டாம்.

கடைசியாக, நிறம் மங்கிய பழைய பிரெய்டை என்ன செய்வது என்று வாழைச்சேனையிலிருந்து கேட்டிருக்கிறார்கள். நிறம் மங்குவது சாயம் போவது மட்டும்தான், பலம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. முன்பக்கம் மயிர் மயிராக எழும்பியிருந்தால் அந்த அளவை வெட்டிவிட்டு, மிச்சத்தை வேறொரு ஸ்பூலுக்கு மாற்றித் தலைகீழாகச் சுற்றுங்கள், வெயில் படாத அடிநூல் மேலே வரும், இன்னும் ஒரு வருடம் பாவிக்கலாம். மாற்றிய பிறகும் சீக்கிரமே மயிர் எழும்பினால் ரொட்டின் வளையங்களில் சந்தேகப்படுங்கள். ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் கொஞ்சம் பஞ்சை விட்டுத் துடையுங்கள், வெடிப்பு இருந்தால் பஞ்சு மாட்டும்.

வெட்டிய துண்டுகளைக் கரையில் போடாதீர்கள். இந்த நூல் உக்காது, தண்ணீரில் மிதக்கும். முகத்துவாரத்தில் காலில் நூல் சுற்றிய கொக்கு ஒன்றைப் பிடித்து நூலை வெட்டிப் பறக்க விட்டிருக்கிறேன், அந்தக் காலில் விரல்கள் கறுத்துப்போயிருந்தன. ஒரு சின்னத் தண்ணீர்ப் போத்தலின் மூடியில் ஆணியால் துளை போட்டுப் பைக்குள் வைத்திருங்கள், நூல் நுனியைத் துளைக்குள்ளால் தள்ளிவிட்டால் வீடு போகும்வரை வெளியே வராது.