சம்பளமும் கிருபைவரமும்: கேள்வி பதில்

பவுல் அப்போஸ்தலன் ரோமருக்கு எழுதிய நிருபத்தில் 6:23 சொல்வது: ‘பாவத்தின் சம்பளம் மரணம்; தேவனுடைய கிருபைவரமோ நம்முடைய கர்த்தராகிய இயேசுகிறிஸ்துவினால் உண்டான நித்தியஜீவன்.’ அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள். நான் போதகர் இல்லை. ஓய்வுநாள் பள்ளியில் பல வருஷமாகப் பாடம் எடுப்பவன், அவ்வளவுதான்.

ஐயா, ‘பாவத்தின் சம்பளம் மரணம்’ என்று இருக்கிறது. ‘தண்டனை’ என்றல்லவா இருக்க வேண்டும்?

சரியான இடத்தில் பிடித்தீர்கள். பவுல் எழுதிய கிரேக்கச் சொல் ‘ஒப்சோனியோன்’, படைவீரனுக்குக் கொடுக்கும் படிக்காசு. லூக்கா 3:14-ல் போர்ச்சேவகரிடம் ‘உங்கள் சம்பளமே போதும்’ என்று யோவான்ஸ்நானன் சொல்வதும் இதே சொல்தான். அதே ரோமர் 6-ல், பத்து வசனம் முன்னால், உங்கள் அவயவங்களைப் பாவத்துக்கு ‘ஆயுதங்களாக’ ஒப்புக்கொடுக்காதீர்கள் என்கிறார். ஆக, பாவம் ஆள் சேர்த்து, வேலை வாங்கி, கணக்குப் பார்த்துக் கூலி கொடுக்கிற எஜமான். வசனத்தின் மறுபாதிக்கு வரும்போது பவுல் சொல்லையே மாற்றிவிடுகிறார்: நித்தியஜீவன் ‘கிருபைவரம்’. அதற்கு மஸ்டர் ரோலும் கிடையாது, கூலியும் கிடையாது.

அண்ணா, பிறந்த மூன்றாம் நாள் எங்கள் குழந்தை போய்விட்டது. ‘ஏதோ பாவம் இருக்கிறது, அறிக்கை செய்யுங்கள்’ என்று ஜெபக்கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அப்படியா?

இல்லைம்மா. பாவத்தினாலே மரணம் உலகத்துக்குள் வந்தது என்று ரோமர் 5 சொல்வது மனுக்குலம் முழுவதையும் பற்றி. இந்தச் சாவுக்கு இந்த வீட்டின் பாவம்தான் காரணம் என்று விரல் நீட்ட அது யாருக்கும் உரிமை கொடுக்கவில்லை. பிறவிக் குருடனைப் பார்த்து, ‘யார் செய்த பாவம்?’ என்று சீஷர்களும் இதையே கேட்டார்கள். ‘இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல’ என்றார் இயேசு. சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேரும் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் இல்லை என்றார். உங்களிடம் அப்படிப் பேசியவர் இந்த இரண்டு இடங்களையும் வாசித்துவிட்டு வந்திருக்கலாம். இப்போது உங்களிடம் யாரும் எதையும் விளக்க வேண்டாம், கூட உட்கார்ந்து அழுதால் போதும். செத்துப்போன லாசருவை எழுப்புவதற்கு முன்னால் இயேசுவும் அழுதார்.

இரட்சிப்பு, மீட்பு இரண்டும் ஒன்றுதானே?

பேச்சில் ஒன்றுதான். புராட்டஸ்டன்டுகளான நாங்கள் ‘இரட்சிப்பு’ என்போம், கத்தோலிக்கர் ‘மீட்பு’ என்பார்கள். ஆனால் மீட்பு என்றதும் நமக்கு அடகுக்கடை ஞாபகம் வருகிறதே, அது வீண்போகவில்லை. இயேசு தம் ஜீவனையே மீட்கும்பொருளாகக் கொடுக்க வந்தார் என்று சொல்லும் மாற்கு 10:45-ல் வரும் கிரேக்கச் சொல் ‘லுத்ரோன்’, அடிமையையோ கைதியையோ விடுவிக்கக் கட்டும் பணம்.

அப்படியானால் பணத்தை வாங்கிக்கொண்டது யார்?

வம்பான கேள்வி! பிசாசுக்குக் கொடுக்கப்பட்டது என்ற கருத்து 3-ஆம் நூற்றாண்டு வேதபண்டிதர் ஓரிகன் காலத்திலிருந்தே உண்டு. கொள்ளைக்காரனுக்கா விலை கொடுப்பது என்று 4-ஆம் நூற்றாண்டில் நசியான்சு ஊர் ஆயர் கிரகோரி சீறினார். தேவனுக்குச் சேர வேண்டிய கனத்தை மனிதனால் கட்டித் தீர்க்க முடியவில்லை, கிறிஸ்து தீர்த்தார் என்று 1098 வாக்கில் கான்டர்பரி பேராயர் அன்செல்ம் எழுதி முடித்தார். என் எண்ணம் இதுதான்: உவமையை ரசீது வரைக்கும் இழுத்தால் கிழிந்துவிடும்.

கத்தோலிக்கர் நற்கிரியைகளால் இரட்சிப்பு என்கிறார்கள் அல்லவா?

இந்தச் சண்டையைப் பாதிப்பேர் பழைய தகவலை வைத்துக்கொண்டே போடுகிறார்கள். 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் லுத்தரன் உலகச் சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம் தகுதியால் அல்ல, கிருபையால் மட்டுமே தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார், நற்கிரியை அதன் கனி என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. எல்லா வித்தியாசமும் தீர்ந்துவிடவில்லை, செத்தபின் ஆத்துமா சுத்திகரிக்கப்படும் இடம் என்று கத்தோலிக்கர் சொல்லும் உத்தரிக்கும் ஸ்தலம் இன்னும் அப்படியே நிற்கிறது.

இயேசுவோடு சிலுவையில் தொங்கிய கள்ளன் கடைசி நிமிஷத்தில் பரதீசுக்குப் போனது அநியாயம் இல்லையா?

சம்பளக் கணக்கில் பார்த்தால் அநியாயம்தான்.

அம்மாவின் கல்லறையில் இந்த ரோமர் வசனத்தையே வெட்டலாமா?

வேண்டாம் தம்பி. கல்லில் இடம் போதாமல் முதல் பாதி மட்டும் நின்றுவிட்டால் அம்மாவுக்குக் கெட்ட பெயர். யோவான் 11:25 போடுங்கள்: ‘நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்’. சகோதரன் லாசரு செத்து நாலு நாளான மார்த்தாளிடம் இயேசு சொன்னது அது. விசுவாசிக்கிறேன் என்று சொன்ன அவளே, லாசருவின் கல்லறையை மூடியிருந்த கல்லை எடுக்கச் சொன்னதும், ‘ஆண்டவரே, இப்பொழுது நாறுமே’ என்றாள்.