நொக்ஸை வாசிக்காமல் மேற்கோள் காட்டலாமா?

தம்பி, உங்கள் சிக்கல் விளங்குது. மூதூர் வரலாறு பற்றிய ஆய்வேட்டில் ஆங்கில மாலுமி றொபேட் நொக்ஸ் 1660இல் கொட்டியாறுப் பக்கம் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டதை எழுதியிருக்கிறீங்கள். வாசித்தது ஒரு தமிழ்க் கட்டுரையை. உசாத்துணையில் போட்டதோ நொக்ஸின் 1681ஆம் ஆண்டுப் புத்தகத்தை. மேற்பார்வையாளர் அதைச் சுழித்துத் திருப்பி அனுப்பினதில் பிழையில்லை.

கையில் எடுத்ததைத்தான் காட்ட வேண்டும். ஏபிஏ (APA) என்ற மேற்கோள் முறையில் வசனத்துக்குள் நொக்ஸ் பெயரையும், 'மேற்கோள் காட்டியவர்' என்று அந்தக் கட்டுரையாளர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். கடைசிப் பட்டியலில் கட்டுரை மட்டும் வரும்.

ஆனால் உங்களுக்கு அந்தக் குறுக்குவழியே தேவையில்லை. நொக்ஸின் புத்தகம் குட்டன்பேர்க் (Project Gutenberg) என்ற இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடக்குது. சிறைப்பட்ட கதை நாலாம் பாகத்தில். பழைய ஆங்கிலம் கொஞ்சம் கடிக்கும், ஒரு பின்னேரம் இருந்தால் முடியும்.

ஏன் இவ்வளவு கரைச்சல் என்று கேட்டிருந்தீங்கள். நானும் ஒருக்கால் இன்னொருவரின் ஆய்வேட்டிலிருந்து பக்க எண்ணைக் கொப்பி அடித்தேன். பரீட்சகர் அந்தப் பக்கத்தை விரித்தார். அங்கே வேறென்னவோ இருந்தது. ஒருவர் விட்ட பிழை இப்பிடித்தான் பத்துப் பேரின் 'ஆதாரம்' ஆகுது. வாசிக்கிறவர் உங்களை நம்பாமலே மூலத்தைத் திறந்து பார்க்கலாம், அதுக்குத்தான் மேற்கோள். எது நொக்ஸ் கண்டது, எது கட்டுரையாளரின் ஊகம், எது உங்கள் முடிவு என்பதும் அப்பத்தான் பிரியும். நொக்ஸோடோ கட்டுரையாளரோடோ முரண்படவும் தாராளமாக மேற்கோள் காட்டலாம்.

ஆனால் எல்லாருக்கும் தெரிந்ததுக்கு மேற்கோள் தேவையில்லை. 'திருகோணமலை துறைமுக நகரம்' என்ற உங்கள் வரிக்கு அடிக்குறிப்பு வேண்டாம். அந்த அடிக்குறிப்பை வெட்டுங்கள்.