ஸ்கேன் ‘வைரஸ்’ என்கிறது, சளியை ஏன் சோதிக்க வேண்டும்?

கேள்வி: அப்பாவுக்கு வயது 61, சர்க்கரை நோய் உண்டு. ஆறு நாளாகக் காய்ச்சல், இருமல். சி.டி. ஸ்கேனில் ‘இரு பக்கமும் கிரவுண்ட் கிளாஸ் ஒபாசிட்டி, வைரஸ் நிமோனியாவாக இருக்கலாம், ஸ்கோர் 9/25’ என்று வந்திருக்கிறது. டாக்டரோ சளியையும் சோதிக்கச் சொல்கிறார். அது எதற்கு? நான்கு நாள் கழித்து மறுபடி ஸ்கேன் எடுக்கவா? கதிர்வீச்சால் புற்றுநோய் வருமா? கடையில் வாங்கிய அசித்ரோமைசினும் லீவோஃப்ளாக்சசினும் கொடுத்துவருகிறோம். ஸ்டீராய்டும் கொடுக்கச் சொல்கிறார் தெரிந்தவர் ஒருவர். இரவில் மூச்சு நின்றுவிடுமோ என்று தூங்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

பதில்: கடைசி வரிதான் உங்கள் உண்மையான கேள்வி. இன்றிரவு என்ன ஆகும் என்பதற்கு ஸ்கேன் ரிப்போர்ட்டில் பதில் இல்லை. விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரில் இருக்கிறது.

நகத்தில் பாலீஷோ மருதாணியோ இருந்தால் வேறு விரலில் மாட்டுங்கள். கை குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். ஐந்து நிமிடம் உட்காரவைத்து, ஆக்ஸிஜன் எண் (SpO2) ஆடாமல் நின்ற பிறகு குறித்துக்கொள்ளுங்கள். 94க்குக் கீழே இருந்தால் உடனே மருத்துவமனை. 94 அல்லது மேல் என்றால், வீட்டுக்குள் சமதரையில் ஆறு நிமிடம் நடக்கவையுங்கள், நீங்களும் கூடவே நடங்கள். தலைசுற்றினால் நிறுத்திவிடுங்கள். நடந்தபின் 93 அல்லது அதற்குக் கீழே வந்தாலும், முன்பு இருந்ததைவிட 3 புள்ளி இறங்கினாலும் காலைவரை காத்திருக்காதீர்கள். “எனக்கு ஒன்றுமில்லை” என்று அவர் சொன்னாலும் கூட்டிப் போங்கள். நிமோனியாவில் மூச்சுத்திணறல் தெரியாமலே ஆக்ஸிஜன் இறங்குவதுண்டு. அவர் தூங்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணிப் பாருங்கள். 24க்கு மேல் போனாலும் அதே முடிவுதான்.

இனி ஸ்கேன். நுரையீரல் புகைமூட்டம் போல மங்கி, அதனூடே ரத்தக்குழாய்கள் தெரிந்தால் அது கிரவுண்ட் கிளாஸ். இரு பக்கமும், பல இடங்களில், ஓரங்களை ஒட்டி இருந்தால் முதலில் வைரஸைத்தான் நினைப்போம். ரத்தக்குழாயே தெரியாதபடி நுரையீரலின் ஐந்து பகுதிகளில் (மடல்களில்) ஒரு மடல் முழுக்க வெள்ளையாக இறுகி, சுற்றிலும் நீர் கோத்திருந்தால் பாக்டீரியா. மேல் மடலில் குழி, துளிர்விட்ட கிளை போன்ற சிறு முடிச்சுகள் என்றால் காசநோய். பாடப்புத்தகம் இப்படித்தான் பிரிக்கிறது. ஆனால் இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் சேர்ந்தாலும், சில மருந்துகள் ஒத்துக்கொள்ளாவிட்டாலும், எதிர்ப்புசக்தி குறைந்தவர்களுக்கு வரும் ஒருவகைப் பூஞ்சையாலும் இதே புகைமூட்டம் வரும். சர்க்கரை நோயாளிகளுக்குக் காசநோய் மேல் மடலை விட்டுக் கீழ் மடலிலும் உட்காரும். வைரஸ் புண்ணாக்கிய இடத்தில் பாக்டீரியா குடியேறுவதும் உண்டு. காய்ச்சல் விட்டு இரண்டு நாள் கழித்துத் திரும்ப வந்தால் அதைச் சந்தேகிக்க வேண்டும். ஸ்கேன் காட்டுவது நிழலின் வடிவத்தை மட்டும். கிருமியின் பெயர் மூக்கு-தொண்டைச் சோதனையிலும் சளியிலும்தான் கிடைக்கும். ‘இருக்கலாம்’ என்று ரேடியாலஜிஸ்ட் எழுதியதை நீங்கள் ‘தெரிந்துவிட்டது’ என்று படித்திருக்கிறீர்கள்!

ஸ்கோர் 9 என்பது ஐந்து மடல்களுக்கும் தலா 5 வரை மதிப்பெண் போட்டுக் கூட்டியது, அவ்வளவுதான். 9 வாங்கியவர்களில் மாடி ஏறுபவரும் உண்டு, ஆக்ஸிஜனில் இருப்பவரும் உண்டு. நான்கு நாளில் மறு ஸ்கேன் வேண்டாம்; நோய் தணிந்த பிறகும் நிழல் வாரக்கணக்கில் தங்கும், பார்த்துப் பயப்படத்தான் உதவும். கதிர்வீச்சால் புற்றுநோய் வருமோ என்று பயந்துகொண்டிருக்க வேண்டாம். ஒரு நெஞ்சு சி.டி. சுமார் 5 முதல் 7 மில்லிசீவர்ட். இயற்கையிலிருந்தே இரண்டு மூன்று ஆண்டுகளில் அவ்வளவு வந்துவிடும்.

எனக்குக் கோபம் வருவது மாத்திரைகள் மீதுதான். லீவோஃப்ளாக்சசின் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். காய்ச்சல் குறைந்தது போலத் தெரியும், நோய் கண்டுபிடிக்கப்படுவது தள்ளிப்போகும். சர்க்கரையை ஏற்றவும் செய்யும், இறக்கவும் செய்யும். அசித்ரோமைசினோடு சேர்த்தால் இதயத் துடிப்பின் தாளம் கெடக்கூடும். ஸ்டீராய்டை நினைக்கவே வேண்டாம். கோவிட்டிலேயே ஆக்ஸிஜன் தேவைப்பட்டவர்களுக்குத்தான் அது பலன் தந்தது. உங்கள் அப்பாவுக்குச் சர்க்கரையை எகிறவைக்கும்.

நாளை காலை எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்து, ஆழமாக மூச்சிழுத்து, அடி நெஞ்சிலிருந்து இருமி வரும் சளியை டப்பாவில் பிடியுங்கள். எச்சிலைக் கொடுத்தால் சோதனை வீண். டாக்டரிடம் போகும்போது மாத்திரை அட்டைகளையும் கொண்டுபோங்கள். எந்தத் தேதியிலிருந்து, ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை கொடுத்தீர்கள் என்று அட்டையிலேயே எழுதிவிடுங்கள்.